மருமகன் பார்க்க வந்த கறுப்பு வண்டி

காருக்குள்ளே மூக்கை வைத்துப் பிழைத்தவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் பழைய கார் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருஷம் வண்டிகளின் உள்பக்கம் துடைக்கிற வேலை பார்த்தேன். வெளிப்பக்கம் கழுவ எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். உள்பக்கத்துக்கு நான் ஒருத்திதான்.

போன மாதம், இப்போது அங்கே வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கடையில் புதிதாக ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்களாம். சோப்பு டப்பா அளவுதானாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் நோய்நொடி எல்லாம் போனில் வரிசையாக வந்து நிற்குமாம். "இது இல்லாம நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீக பெரியம்மா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகப் படிக்கலாம். எனக்கு அவசரம் இல்லை.

கார் கடைக்கு வருமுன் ஐந்து வருஷம் ஊருக்குள் பழஞ்சாமான் கடையில் இருந்தேன். பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற கதவு, பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி இதையெல்லாம் துடைத்து அடுக்க வேண்டும். அங்கே முதல் பாடமே அதிகம் துடைக்கக் கூடாது என்பதுதான். களிம்பேறிய செம்பு ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி வைத்து முதல் வாரமே வசவு வாங்கினேன். அழுக்கு இருந்தால்தான் பழசு, பழசாகத் தெரிந்தால்தான் விலை.

அந்தப் பாடத்தை அப்படியே கார் கடைக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் ஒரு வண்டியைக் கொடுத்து உள்ளே துடைக்கச் சொன்னார்கள். டீக்கறை, சீட்டுக் கிழிசல், கைபட்டுக் கறுத்துப்போன ஸ்டீயரிங் எல்லாவற்றையும் பத்திரமாக விட்டுவிட்டு, தூசியை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, ஒண்ணுமே தொடைக்கலையே?"

"பழசு தெரியட்டும்னு விட்டு வச்சிருக்கேன் முதலாளி. வெலை கூடக் கெடைக்கும்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, "இந்த வேலிக்குள்ள பழசுங்கிற வார்த்தையே வரக் கூடாதுக்கா. ஓடின வண்டின்னு சொல்லணும்" என்றார். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

அவர் பெயர் சின்னையா. என்னைவிட மூன்று வயது இளையவர், அதனால் என்னை அக்கா என்பார். தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார். எந்த வண்டியையும் கையால் தொட மாட்டார். தொட்டால் வண்டி மேல் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "கேட்டா மறைக்க மாட்டேன். கேக்காததைச் சொல்ல மாட்டேன். கோயில்ல சாமியே கேட்டாத்தான் குடுக்குது." வண்டியில் எதையும் கிழிக்கவோ ஒளிக்கவோ விட மாட்டார். வாங்க வந்தவர் "டிக்கியில அடி பட்டிருக்கா?" என்று கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வார். கேட்காவிட்டால் துண்டைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்ப்பார்.

எனக்கும் ஒரு கட்டளை போட்டார். வண்டி என்னிடம் சொல்வதை அவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், கடையின் முள்வேலியைத் தாண்டி ஒரு சொல் போகக் கூடாது. அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். அந்தச் சொல்லை நான் கடைசி நாள் வரை காப்பாற்றினேன். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். வண்டி வந்த அன்றைக்குத் தண்ணீர் படக் கூடாது. கண்ணாடிகளை ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, பிறகு டிரைவர் பக்கத்துக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து மூக்கை வைக்க வேண்டும். முதல் மூச்சில் வருவதுதான் உண்மை. இரண்டாவது மூச்சில் மூக்கு பழகிவிடும். மீன் ஏற்றினதா, சாமியார் ஏறினதா, வாந்தி எடுக்கிற பிள்ளை இருக்கிற வீடா எல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரியும்.

அதற்குப் பிறகு காலடியில் விரித்திருக்கிற ரப்பர் மேட்டுகளை எடுத்து, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் தட்ட வேண்டும். செம்மண் விழுந்தால் நம் பக்கத்து வண்டி. கறுப்பு என்றால் அருப்புக்கோட்டைப் பக்கம். வெள்ளை மணலும் சிப்பித் தூளும் விழுந்தால் கடற்கரை, அப்படியானால் அடித்தகடு துருப்பிடித்திருக்கும். அடுத்தது பிரேக் பெடல். அதன் ரப்பரில் இருக்கிற கோடுகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன். டிரைவர் சீட்டின் வலது ஓரத்தையும் தடவிப் பார்ப்பேன். இறங்கும்போதெல்லாம் தொடை உரசுகிற இடம் அது. மீட்டரைத் திருப்பிவிடலாம். தொடை உரசியதைத் திருப்ப முடியாது.

கடைசியாக சீட் பெல்ட். அதைப் போட்டுக்கொள்கிற அளவுக்கு மட்டும் இழுத்தால் போதாது, அடிவரை இழுக்க வேண்டும். ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு வண்டி மணமணவென்று வந்தது. உள்ளே ரோஜாப்பூ வாசனை. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, தொட்டால் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டது. வெள்ளத்தில் கழுத்துவரை நின்ற வண்டி. முதலாளி அதை அன்றைக்கே புரோக்கரிடம் திருப்பி அனுப்பிவிட்டு, கடைச் சாவியில் ஒன்றை என் கையில் கொடுத்தார். "இனிமே காலையில நீங்களே தெறந்துக்கங்க" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

இப்போது அந்தக் கறுப்பு வண்டிக்கு வருகிறேன்.

நீளமான வெளிநாட்டு வண்டி. பெயர் வேண்டாம், வம்பு. பதினாலு வயது. உள்ளே தோல் சீட்டு, மரத்தில் இழைத்த பலகை, கூரையில் கண்ணாடி. பின்சீட்டில் சாய்ந்தால் தூக்கம் வரும். மீட்டர் அறுபத்தெட்டாயிரம் காட்டியது. நான் பெடலைப் பார்த்தேன், வழுக்கைத்தலை மாதிரி இருந்தது. சீட்டு ஓரத்தில் தோல் நைந்து நூல் தெரிந்தது. டிரைவர் கதவைத் திறந்து இடுக்கில் பார்த்தேன். எப்போதோ ஆயில் மாற்றினவர்கள் ஒட்டிய காகிதச் சீட்டு. எழுத்து எனக்குத் தகராறு, எண் தகராறு இல்லை. அடுத்த ஆயில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்தில் என்று போட்டிருந்தது.

அதைவிடப் பெரிய சங்கதி மறுநாள் காலையில் தெரிந்தது. கடையைத் திறந்தேன், வண்டி தரையில் படுத்துக் கிடந்தது. மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தது. நான் யாரோ சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று பயந்து கத்திவிட்டேன். முதலாளி வந்து சாவியைப் போட்டுக் கிளப்பச் சொன்னார். உர்ரென்று ஒரு சத்தம், வண்டி முக்கிமுனகி எழுந்து நின்றது. அந்த மாதிரி வண்டிகளுக்குச் சக்கரத்துக்கு மேலே இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்குமாம். பை கிழிந்தால் நிற்கும்போது காற்று இறங்கிவிடும், கிளப்பினால் மறுபடி ஏறும். நாலு பையையும் மாற்றுகிற செலவுக்கு வேறு ஒரு சின்ன வண்டியே வாங்கிவிடலாம். அன்றிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், அரை மணி முன்னால் அதைக் கிளப்பி எழுப்பி வைப்போம்.

"இது ஏமாத்து இல்லையா முதலாளி?" என்று கேட்டேன்.

"விருந்தாளி வரும்போது எந்திரிச்சு நிக்கிறது மரியாதைக்கா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வண்டியைப் பார்க்க ஒரு வெள்ளை டாக்ஸியில் ஆள் வந்து இறங்கியது. இறங்கியவர் என் மருமகன்.

மருமகன் முருகேசன் தேவகோட்டையில் சொந்தமாக ஒரே ஒரு டாக்ஸி ஓட்டுகிறவர். என் ஒரே மகள் செல்வி, இரண்டு பிள்ளைகள், வீட்டு அடுப்பு எல்லாம் அந்த வெள்ளை வண்டியை நம்பித்தான். குணத்தில் தங்கம். ஆனால் வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது உண்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் வருவதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் முதலாளியிடம் பேசுவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்ஸியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணமும் போட்டு, கறுப்பு வண்டியை எடுக்கப் போகிறார். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடப் போகிறார்.

எப்படியாவது தடுக்க வேண்டும். ஆனால் பேச முடியாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்வி இருந்தால் அவளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். அவள் இல்லாவிட்டால் தூணிடம் சொல்வேன், கோழியிடம் சொல்வேன். ஒருமுறை அவர் காலருகே தேள் போனபோதுகூட தூணைப் பார்த்து "ஏ தூணே, தேளு!" என்றுதான் சொன்னேன். அவரும் தூண் சொன்னது மாதிரியே குதித்தார்.

அவர் வண்டியைச் சுற்றி வரும்போது முதலாளியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"முதலாளி, அவரு எம் மருமகன்."

"தெரியும்க்கா. கல்யாணத்துக்கு நானும்தான வந்தேன். அதான் வெலையைக் கொறச்சே சொன்னேன்."

"அவரைக் கேள்வி கேக்கச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க. கேட்டா நான் மறைக்கவா போறேன்?" துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஆனா நீங்கதான் அவரோட பேச மாட்டீகளே."

செல்விக்குப் போன் போடலாமென்று போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? வண்டி சொன்னதைச் சொன்னால் அது வேலியைத் தாண்டிவிடும். அவரைக் கேள்வி கேட்கச் சொல் என்று மட்டும் சொன்னால், ஏன் ஏன் என்று குடைந்து வாங்கிவிடுவாள். கையில் அடித்துக் கொடுத்த சொல். போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மருமகன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பத்து இருபதுக்குத் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல். மிதக்குது முதலாளி, மிதக்குது என்றார். அறுபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு, நேத்துப் பொறந்த புள்ள என்றார். இருபது வருசமா ஸ்டீயரிங் பிடிக்கிறேன், எனக்குத் தெரியாத வண்டியா என்றார். எல்லாம் அவரே சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலாளி வானத்தைப் பார்த்தார்.

"அட்வான்ஸைப் பிடிங்க. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள குடுத்துடுறேன்" என்று மருமகன் சட்டைப் பையில் கைவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வண்டி இப்போதுதான் அணைந்திருக்கிறது. அது படுக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. பத்தே பத்து நிமிஷம் இவரைத் தடுத்து நிறுத்திவிட்டால், மீதியை ராகு பார்த்துக்கொள்வார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வண்டியே தன்னைச் சொல்லிவிடும்.

வண்டியைப் பற்றிப் பேசத்தான் எனக்குத் தடை. மருமகனுக்குச் சாப்பாடு போட எந்த முதலாளி தடை போட முடியும்? காலையில் எனக்கென்று கொண்டுவந்த குழிப்பணியாரம் தூக்குச்சட்டியில் இருந்தது. தட்டில் வைத்து, மிளகாய்ச் சட்னியை ஊற்றி, அவருக்கு முன்னால் நீட்டினேன். மாமியார் கையால் வந்த தட்டை மறுக்கிற மருமகன் எங்கள் சீமையில் கிடையாது. சட்டைப் பையிலிருந்து கை வெளியே வந்து தட்டை வாங்கியது. பணியாரம் ஆறிப்போயிருந்தது, ஆனால் சட்னி கொஞ்சம் கடுமை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் கேட்டார், மெதுவாகப் போய் மெதுவாகக் கொண்டுவந்தேன். நாலாவது பணியாரத்தில் கடிகாரத்தைப் பார்த்து, "ஏ கடிகாரமே, பத்தரை ஆயிருச்சே" என்றேன்.

மருமகன் நிமிர்ந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "சரி, பன்னெண்டு வரைக்கும் இருந்துட்டுத் தர்றேன் முதலாளி."

"இருங்க, இருங்க" என்றார் முதலாளி. என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த ஒன்றரை மணி நேரம் நான் கறுப்பு வண்டியின் முன் டயர் பக்கத்தை விட்டு அகலவில்லை. துடைப்பதுபோல் துணியை வைத்துக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டு அளந்தேன். முதலில் நாலு விரல் போனது. பதினொரு மணிக்கும் நாலு விரல். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குப் பார்த்து வண்டி விறைத்துக்கொண்டு நின்றது. நான் அதை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. பதினொன்றே காலுக்கு மூன்று விரல் ஆனது.

பொறுக்க முடியாமல் பக்கத்தில் இருந்த வாளியைப் பிடித்துக்கொண்டேன். "ஏ வாளி, ஒரு பொருளை வாங்க வந்தா நாலு கேள்வி கேக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே?" என்று மருமகன் காதில் விழும்படி சொன்னேன்.

மருமகன் எழுந்து ஓடிவந்தார். வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து, என் பக்கத்தில் பணிவாக வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். முதலாளி துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது புஸ்ஸென்று ஒரு நீளப் பெருமூச்சு கேட்டது. வண்டியின் முன்பக்கம் மெதுவாகக் கீழே இறங்கி, மூக்கைத் தரைக்குக் கொடுத்து நின்றது. நான் எழுந்து கொப்புடையம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். மருமகன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாய் பிளந்திருந்தது. முதலாளியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'ஏன் இப்படி?' என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

மருமகன் சொன்னார்: "ஆகா! மரியாதையப் பாத்தீகளா முதலாளி! மாப்பிள்ளை ஏறுறதுக்கு யானை மாதிரி முட்டி போடுது! இதுக்கே வாடகை கூடக் கேக்கலாம்!"

அது கேள்வி இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான், வாயைத் திறக்கவில்லை.

மருமகன் தன் டாக்ஸிக்குப் போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். அட்வான்ஸை அதன்மேல் வைத்தார். அதன்மேல் டாக்ஸிச் சாவியை வைத்தார். அந்தச் சாவியில் என் பேத்தி கோத்த பாசிமணி தொங்கியது. மணி பன்னிரண்டு அடித்தது. அவர் இரண்டு கையாலும் எல்லாவற்றையும் சேர்த்து முதலாளி பக்கம் நீட்டினார்.

"மாப்பிள்ளை! கேளுங்க!"

யார் கத்தியது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பதினொரு வருஷம் உள்ளேயே கிடந்த குரல், பொட்டலைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

மருமகன் கையில் இருந்தது எல்லாம் கீழே விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அத்தை... செல்விக்கு ஏதும் ஆயிருச்சா? புள்ளைகளுக்கா?" என்று கேட்டார். எழவு விழுந்தாலொழிய மாமியார் இப்படி நேரே பேசுவாளா என்று நினைத்துவிட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்காக" என்றேன். ஒருமுறை உடைந்தது உடைந்ததுதானே. முதலாளி பக்கம் கையைக் காட்டினேன். "அவுகளைக் கேளுங்க."

"என்னத்தக் கேக்க அத்தை?"

"எல்லாத்தையும்."

அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதலாளி பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் சொல்லுங்க முதலாளி."

முதலாளி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தார். அவர் வண்டியைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். டிரைவர் கதவைத் திறந்து, இடுக்கில் இருந்த ஆயில் சீட்டைக் காட்டினார். பெடலைக் காட்டினார். சீட்டு ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். காற்றுப் பையைப் பற்றிச் சொன்னார். அதை மாற்ற மதுரைக்குப் போக வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும்வரை வண்டி இப்படித்தான் படுத்துக் கிடக்கும் என்றார். "ஊர்வலத்துல மாப்பிள்ளையோட நடுரோட்டுல ஒக்காந்துருச்சுன்னா, பொண்ணு வீட்டுக்காரவுக உங்களைத்தான் தேடுவாக" என்றார். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் அவரிடம் சொல்லாத இரண்டு குறைகளையும் சேர்த்தே சொன்னார்.

மருமகன் குனிந்து சாவியையும் புத்தகத்தையும் பொறுக்கினார். மணலைத் தட்டினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இதெல்லாம் வந்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு முதலாளி. நீங்களா சொல்றீகளான்னுதான் பாத்தேன்" என்றார். வெள்ளை டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார். போகும்போது செருப்பை மறந்துவிட்டார்.

நானும் முதலாளியும் நின்றோம்.

"ஒத்த வார்த்தையில யாவாரத்தக் கெடுத்துட்டீகளேக்கா."

"வண்டியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே முதலாளி."

"சொல்லலை. அதான் கோவப்படவும் வழியில்ல." உட்கார்ந்து மிச்சமிருந்த பணியாரத்தைத் தின்றார். சட்னிக்கு அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

சாயந்திரம் செல்வி போன் செய்தாள். "ஏம்மா, நீ அவரோட பேசிட்டியாமே? வந்ததுலேருந்து அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. கொரல் கணீர்னு இருக்காம்."

"கார் சங்கதி சொன்னாரா?"

"காரா? எந்தக் காரு?"

நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

கறுப்பு வண்டியை இரண்டு வாரம் கழித்து, தன் பெரிய வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதியாக நடத்துகிற ஓர் ஆச்சி வந்து எடுத்தார்கள். உட்காருமுன் முப்பது கேள்வி கேட்டார்கள். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "ஓட வேண்டாம். வாசல்ல நிக்கட்டும், ஒக்காரட்டும், வாரவுக போட்டோ எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிப் பாதி விலைக்கு வாங்கிப் போனார்கள்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு பழுப்பு வண்டி வந்தது. அதுவும் நீளமான வெளிநாட்டு வண்டிதான், அதுவும் வயதானதுதான். மீட்டர் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று கூசாமல் காட்டியது. அதைப் பார்த்துவிட்டே நாலு பேர் திரும்பிப் போனார்கள். நான் மூன்று நாள் அதற்குள் குடியிருந்தேன். நாலாம் நாள் மருமகன் செல்வியோடு வந்தார். டாக்ஸியைக் கொடுக்கிற பேச்சு இந்த முறை இல்லை, அது இருக்க இது இரண்டாவது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு முதலாளியிடம் போய் நின்று, "முதலாளி, அத்தைகிட்டக் கேக்கலாமா?" என்றார்.

"வேலிக்குள்ளதான நிக்கிறீக. கேளுங்க" என்றார் முதலாளி.

மருமகன் என் பக்கம் வந்தார். செல்வி கண்ணை அகல விரித்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அத்தை, கேக்குறேன். சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். வண்டியில் முதல் மூச்சில் டெட்டால் வாசனை தவிர வேறில்லை, மதுரையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது என்று சொன்னேன். பெடலும் மீட்டரும் சீட்டு ஓரமும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று சொன்னேன். வில்லு இரும்பு வில்லு, படுக்காது. ஆயில் சீட்டுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன, நானே எண்ணிப் பார்த்தேன். ஏசியில் ஒரு சத்தம் இருக்கிறது, பின் கதவுக் கண்ணாடி முக்கால்தான் இறங்கும், அதற்கு விலையில் குறைத்துக் கேளுங்கள் என்று முதலாளி முன்னாலேயே சொன்னேன். இன்றைக்கும் அந்த வண்டி கல்யாணங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை.

பேச்சு சீட் பெல்ட்டுக்கு வந்தது. பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"பெல்ட்டு நல்லாருந்து என்ன, போட்டாத்தான? நீங்க போடுறதே இல்லைன்னு செல்வி சொல்றா. போலீஸைக் கண்டா மட்டும் மடியில இழுத்து வச்சிக்கிறீகளாம். ரெண்டு புள்ள இருக்குல்ல? போன பொங்கலுக்கு வந்தப்ப சோத்தைப் பாதியில வச்சுட்டுப் போனப் பேசிக்கிட்டு எந்திரிச்சுப் போனீக, பதினோரு வருசமா இப்படித்தான். செல்வி ஒரு சேலை கேட்டா அடுத்த மாசங்கிறீக, எந்த வருசத்து அடுத்த மாசம்? அப்புறம் அந்த மீசை. கல்யாணத்தன்னிக்கு இருந்த மீசைதான் ஒங்களுக்கு எடுப்பு, இது என்ன தேஞ்ச பிரஷ்ஷு மாதிரி..."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அவர் தோள் குலுங்கியது. மருமகன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்திய இடத்தில், மிகவும் பணிவாகச் சொன்னார்:

"அத்தை, நான் வண்டியப் பத்தித்தான் கேட்டேன்."